பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர்

கடையில் வெவ்வேறு பிராண்டு பெயர்களில் விற்கும் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல்களைப் பிரித்துப் பார்த்தால், பல நேரம் உள்ளே இருப்பது ஒரே சர்க்யூட்தான். சீனாவில் ஓர் ஆலை செய்கிறது; இங்கே இறக்குமதி செய்பவர் தன் பெயரை அச்சிட்டு விற்கிறார். அதில் குற்றம் இல்லை. ஆனால், அந்தக் கருவியின் உண்மையான மாடல் எண் பெட்டியில் எங்கும் இருப்பதில்லை. அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். கோவையில் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில் இதைக் கேட்கிறேன்.

வடவள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு வேலை. மூட்டுவலியால் ராத்திரி எழுந்து போய்ச் சுவிட்ச் போடுவது அவருக்குப் பெரும்பாடு. கட்டிலில் இருந்தபடியே பாத்ரூம் விளக்கையும் நடைவழி விளக்கையும் போட வேண்டும். போர்டுக்குள் வைக்கும், ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு முறையில் இயங்கும் மாட்யூலை ஆன்லைனில் அவரே வாங்கி வைத்திருந்தார். அந்தக் கம்பெனியின் ஆப் எல்லாவற்றுக்கும் இணையத்தை எதிர்பார்த்தது. "ஏனுங்க தம்பி, நெட்டு போச்சுன்னா லைட்டும் போயிருமுங்களா?" என்று கேட்டார். சுவரில் கை வைத்தால் எரியும்தான். சுவர் வரை போக முடியாததால்தானே இத்தனையும்!

வீட்டுக்குள்ளேயே இயங்கும் வழி இருக்கிறது. 2013இல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை கணினியில் போட்டு, ஜிக்பீ யுஎஸ்பி ஸ்டிக் ஒன்றைச் செருகினேன். இரண்டுக்கும் இடையில் பாலமாக ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற மென்பொருள். இந்த ஏற்பாட்டுக்கு வெளி சர்வர் தேவையில்லை. மாட்யூல் வந்து இணைந்தது. ஆனால் திரையில் 'ஆதரவு இல்லாத கருவி' என்றது.

காரணத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஜிக்பீ கருவி இணையும்போது, உன்னைச் செய்தவர் யார், உன் மாடல் என்ன என்று மென்பொருள் கேட்கும். பெட்டியில் இருந்த பிராண்டு பெயர் பதிலில் இல்லை. டி.எஸ்.0601 என்ற மாடலும், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தயாரிப்பாளர் குறியீடும் வந்தன. ஹாங்சோ நகரத்தில் 2014இல் தொடங்கிய துயா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவாகும் கருவிகளில் இந்த 0601ஐ அடிக்கடி பார்க்கலாம். திரைச்சீலை மோட்டாருக்கும் அதே எண், வெப்பநிலை சென்சாருக்கும் அதே எண். ஜிக்பீயில் ஆன், ஆஃப் செய்யப் பொதுவான கட்டளை உண்டு. இவை அதை விட்டுவிட்டு, 1, 2, 3 என்று தங்களுக்கே உரிய எண்களில் பேசும். சுவிட்சில் 1 என்றால் முதல் விளக்கு. திரைச்சீலை மோட்டாரில் அதே 1 திறக்க, நிறுத்த, மூட. மென்பொருள் ஊகித்துச் செயல்பட முடியாது, ஊகிக்கவும் கூடாது.

ஆகவே நான் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்ட, உதவியாளர் தம்பி லாக் பார்த்து எண்ணைப் படித்தான். விளக்குகளுக்கு 1 முதல் 4 வரை. கரண்ட் போய் வந்தால் விளக்கு எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்பதற்கு 14. நம் ஊரில் இந்த எண்ணை விட்டுவிடவே கூடாது. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் நான்கு விளக்கும் பளிச்சென்று எரிந்தால், அந்த அம்மாவுக்கு அப்புறம் தூக்கம் ஏது? இத்தனையையும் ஒரு சிறு கோப்பில் எழுதி மென்பொருளில் சேர்த்ததும் மாட்யூல் வேலை செய்தது. அந்தக் கோப்பை ஜிக்பீ2எம்க்யூடிடி திட்டத்துக்கும் அனுப்பினேன். பராமரிப்பவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால், மாதாமாதம் வரும் அடுத்த பதிப்பிலேயே அது எல்லோருக்கும் போய்ச் சேரும். அங்கே பட்டியலில் இருக்கும் 4,000க்கும் மேற்பட்ட கருவிகளில் ஏராளமானவை, வாங்கியவர்கள் இப்படித் தட்டிப் பார்த்துச் சொன்னதால் இடம்பெற்றவை. கைக்காசு போட்டு வாங்கி, நேரத்தையும் கொடுத்து, முகம் தெரியாதவர்களுக்காகச் செய்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பெட்டியில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், வாங்குமுன்பே அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்திருக்கலாம். விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். "எங்க ஆப்ல மட்டும்தான் சார் வேலை செய்யும்" என்றார்கள். மாடல் எண் அவர்களுக்கே தெரியவில்லை.

கம்பெனியின் ஆப் மட்டும் போதும் என்பவர்கள் 2022 ஏப்ரலை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்மார்ட் வீட்டுக் கருவிக் கம்பெனியான இன்ஸ்டியான் முன்னறிவிப்பே இல்லாமல் சர்வரை நிறுத்தியது, ஆப் செத்தது. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற மென்பொருளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தவர்களின் விளக்குகள் தொடர்ந்து இயங்கின.

2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும். ரேடியோ அலையில் இயங்கும் கருவி என்பதால் தொலைத்தொடர்புத் துறையிடம் மாடலைச் சொல்லி ஒப்புதலும் வாங்க வேண்டும். இந்த நடைமுறைகளோடு இன்னும் இரண்டு விவரங்களைக் கேட்பது சுமையே அல்ல. கருவி தன்னைப் பற்றிச் சொல்லும் தயாரிப்பாளர் குறியீடும் மாடலும் ஒன்று. இணையம் இல்லாமல் இயங்குமா என்பது மற்றொன்று. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் சேர்ந்து இயங்குவதற்காக 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்கிறார்கள். அது எல்லாக் கருவிக்கும் பரவட்டும், நல்லது. அதுவரை விற்பவையும் ஏற்கெனவே சுவருக்குள் போனவையும் அப்படியேதானே இருக்கும்?

எண்ணைப் போட்டால் ஒரே சரக்கு இரண்டு விலையில் விற்பது வெளியே தெரிந்துவிடும் என்று வியாபாரிகள் தயங்குகிறார்கள். தெரியட்டும். நல்ல வாரண்டியும் பழுது பார்க்க ஆளும் தருகிற பிராண்டுக்குக் கூடுதல் விலை கொடுக்க என் வாடிக்கையாளர்கள் எப்போதுமே தயார்.

விதி வரும்வரை நான் வைக்கும் ஒவ்வொரு மாட்யூலின் குறியீட்டையும் போர்டு மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவிடுகிறேன். மற்ற வயர்மேன் நண்பர்களும் எழுத வேண்டும். நாளை அந்தப் போர்டைத் திறக்கப்போவது வேறொருவராக இருக்கலாம். நாங்கள் லாக் பார்த்துக் கண்டுபிடித்ததை அவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.