எமிலி எந்தத் திண்ணையில் உட்காருவாள்?

பனமலைப் பெரியோர்களுக்கும், என்னோடு ஏரியில் நீச்சல் பழகியவர்களுக்கும், நேரம் காலம் பார்க்காமல் எனக்குச் சோறு போட்ட அம்மாக்களுக்கும், சிங்கப்பூர் ஜூரோங்கிலிருந்து வணக்கம்.

இந்த மடலை ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு எழுதியிருக்கலாம். அந்த வீட்டார் படித்துவிட்டு, மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். 'தெருவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்' என்கிற பயம்தான் அங்கே மூத்த ஆள். அதனால் தெருவுக்கே எழுதுகிறேன். டீக்கடையில் யாராவது சத்தமாகப் படித்தால் நல்லது.

கேட்க வந்தது இதுதான்: 'அருவி' படத்தை ஊரில் திரை கட்டிப் போட வேண்டும். செலவை நான் அனுப்புகிறேன். ஏன் இந்தப் படம் என்று கேட்பீர்கள்.

2017 டிசம்பர் 15 அன்று வெளியான படம். இயக்கிய அருண் பிரபு புருஷோத்தமனுக்கு அதுதான் முதல் படம், அருவியாக நடித்த அதிதி பாலனுக்கு நாயகியாக அதுதான் முதல் படம். முந்தைய வருடமே ஷாங்காய் திரைப்பட விழாவில் காட்டிவிட்டார்கள்; நம் பக்கத்துத் தியேட்டருக்கு வர அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆயிற்று. பெரிய நடிகர் யாரும் இல்லை. தயாரித்தது ட்ரீம் வாரியர் என்கிற வசதியான நிறுவனம்தான், ஆனாலும் படத்தின் குணம் கைக்காசைப் போட்டு எடுக்கிற சின்னப் படத்தின் குணம். விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டுக்கோட்டைக்காரர் ஒருவரின் போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அறையில் இருந்தவர்கள் எல்லாருமே வீட்டை விட்டு வந்தவர்கள். ஆனால் எங்களை யாரும் துரத்தவில்லை. சம்பளம் அனுப்புகிறவரை துரத்தவும் மாட்டார்கள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், சொன்னாலும் கெட்டுப்போகிற படம் இல்லை. அருவி அப்பாவின் செல்லப்பெண். அவளுக்கு எச்ஐவி தொற்று இருப்பது தெரியவருகிறது. பெண் கெட்டுப்போய்விட்டாள் என்று வீடு முடிவு கட்டுகிறது. விசாரணை கிடையாது, கதவு சாத்தப்படுகிறது. அதன் பிறகு அடைக்கலம் தேடிப்போன இடங்களில் மூன்று ஆண்கள் அவளைச் சீரழிக்கிறார்கள். ஒருவன் அவள் தோழியின் அப்பா, ஒருவன் வேலை கொடுத்த முதலாளி, ஒருவன் சாமியார். கடைசியில் அவளுக்கு நிழலாக நிற்பது எமிலி என்கிற திருநங்கை. அந்தப் பாத்திரத்தில் நடித்த அஞ்சலி வரதன் நிஜத்திலும் திருநங்கை. புடவை கட்டிய ஆணை நிறுத்திச் சிரிக்க வைக்கிற வேலை இந்தப் படத்தில் இல்லை.

அந்த அப்பாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடித்துவிட்டு வந்து குடும்பத்தைக் கெடுத்த மனுஷன் இல்லை அவர். நம் ஊர் அப்பாக்களில் யார் முகத்தை வேண்டுமானாலும் அவருக்கு வைத்துப் பார்க்கலாம். பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர்தான் அவளை வெளியே நிறுத்துகிறார். நோய்க்குப் பயந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் செய்கிறார். அந்த நாலு பேரைப் படம் காட்டுவதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள்தான் அவர்கள். திரையை ஊருக்கு நடுவில் கட்டச் சொல்வது இதற்காகத்தான்.

படத்தில் எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. தொற்று எப்படி வந்தது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்: இளநீர் வெட்டியவரின் கைக்காயத்து ரத்தம் அவளுக்குள் கலந்துவிட்டதாம். மருத்துவம் தெரிந்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். பாதுகாப்பில்லாத உடலுறவு, சோதிக்காத ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு; இப்படித்தான் அது பரவும். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றிய செய்தி நினைவிருக்கும். அப்படி ஏதாவது வைத்திருந்தால்கூட நம்பியிருக்கலாம். ஆனால் என் சண்டை மருத்துவத்தைப் பற்றியது இல்லை. அவள் 'தப்பு செய்யாதவள்' என்று நிரூபிக்க இயக்குநர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? அவள் ஒருவனைக் காதலித்து, அவனிடமிருந்து வந்திருந்தால் கதவைச் சாத்தியது சரியாகிவிடுமா? தெருவுக்குப் பயந்த அப்பாவைக் காட்டத் துணிந்த இயக்குநரும் இந்த ஓர் இடத்தில் தெருவுக்குப் பயந்துவிட்டார்.

நெடுஞ்சாலை ஓரத்து விழுப்புரம் மாவட்டம் நம்முடையது, லாரிக்குப் போனவர்கள் இல்லாத தெரு இல்லை. தொண்ணூறுகளில் அப்படிப் போய்த் திரும்பிய ஒருவர், 'டிபி' என்று சொல்லப்பட்டு, மாட்டுக் கொட்டகை ஓரம் தனித் தட்டோடு கிடந்ததைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறீர்கள். இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான், 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். 2004 முதல் அரசு இலவசமாக மருந்து தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் வயதாகி, பேரன் பேத்தி பார்த்து, வேறு ஏதாவது காரணத்தால்தான் சாவு வரும். 2017இல் சட்டமும் வந்தது, அடுத்த வருடம் செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது: தொற்றுள்ள பெண்ணுக்குத் தன் வீட்டில் இருக்க உரிமை உண்டு, அவளை வெளியேற்றக் கூடாது. அருவி தியேட்டரில் ஓடிய நாளில் அந்தச் சட்டம் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது.

நோய் வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை 2020இல் நாமே அனுபவித்தோம். கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து விழுப்புரம் பக்கம் திரும்பிய கூலிக்காரர்களை எந்த ஊரும் உள்ளே விடத் தயங்கியது. இங்கே எங்கள் விடுதிகளை ஏப்ரலில் பூட்டினார்கள். அந்த வருட முடிவில் கணக்குப் பார்த்தபோது, விடுதித் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. எனக்கு வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர் டாக்காவுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவர் மொழியில் எனக்கு நாலு வார்த்தைதான் தெரியும். அவருக்கு நான் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அதை நினைத்துக்கொண்டுதான் அருவியையும் எமிலியையும் மறுபடி பார்த்தேன்.

இருவரும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகிறார்கள். 'சொல்வதெல்லாம் சத்தியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எதைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வீட்டுச் சண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துத் தீர்ப்பு சொன்ன சாயங்காலங்கள் எத்தனையோ உண்டு நமக்கு. அங்கே அருவியையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள். அவள் துப்பாக்கியை எடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் படத்தின் உயிரான பகுதி: பிணைக்கைதிகளை மிரட்டி விளையாட வைக்கிறாள். பயந்து நடுங்கிய ஆட்கள் மெல்ல மெல்லச் சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள், அவளைக் காப்பாற்ற ஆசைப்படுகிறார்கள். முடிவில் எல்லாரும் அவளைத் தேடி வருவது எனக்குச் சற்றுத் தித்திப்பாகப் பட்டது. ஒதுக்கியவர்கள் இவ்வளவு லேசில் திரும்பி வருவார்களா? என் அறையில் ஒருவர் சொன்னார்: "வரமாட்டாங்க தம்பி. அதான் படமா எடுத்திருக்காங்க."

இனி, சொல்லத் தயங்கிய விஷயம்.

நம் தெருவிலிருந்து மீசை முளைக்கிற வயதில் ஒரு பிள்ளை விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறிப் போனது. பம்பாயில் திருநங்கைகளின் ஜமாத்தில் சேர்ந்து பெண்ணானாள். அங்கே ஒரு மூத்தவர் அவளை மகளாக ஏற்றுக்கொண்டார். குரு என்பார்கள், அம்மா என்றும் கூப்பிடுவார்கள். குருவின் குரு நானி. அக்கா தங்கை எல்லாம் உண்டு, நோய் வந்தால் பார்க்கவும் செத்தால் எடுக்கவும் ஆள் உண்டு. அதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. சம்பாதிப்பதை குருவிடம் கொடுக்க வேண்டும், கட்டுப்பாடு மீறினால் அபராதம், சில சமயம் அடி. ரேவதி 'வெள்ளை மொழி'யிலும் லிவிங் ஸ்மைல் வித்யா 'நான் வித்யா'விலும் அந்த வாழ்க்கையின் பாசத்தையும் வலியையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பெற்ற வீட்டில் மட்டும் அடி இல்லையா என்ன. ஒரே வித்தியாசம், அந்த வீடு இவளை இவளாகச் சேர்த்துக்கொண்டது.

இவள் அப்பா இறந்தபோது தகவல் போய், குருவையும் சகோதரிகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏரிக்கரையிலேயே நிறுத்தினீர்கள். 'காரியம் முடியட்டும், பொம்பளைங்க பயப்படுவாங்க' என்று யாரோ சொன்னீர்கள். பெற்றவள் வீட்டுக்குள் அழுதாள். அந்த குரு, பார்த்தே இராத சம்பந்திக்காக, கரையில் மாரடித்து ஒப்பாரி வைத்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், யாரோ படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களின் பெயர்கள் இன்னமும் என் போனில் இருக்கின்றன. யாரென்று சொல்லப் போவதில்லை.

இதைச் செய்தது அரவான் கதை தெரியாத ஊரா? நம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கூத்து கட்டி, விடிய விடிய அரவான் களபலி பார்த்து வளர்ந்தவர்கள் நாம். போரில் ஜெயிக்க வேண்டும் என்று சொந்தப் பெரியப்பன் சித்தப்பன்களே பலி கொடுத்த பிள்ளை அவன். சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் தரவில்லை. கிருஷ்ணன்தான் மோகினியாகி வந்து கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து அழுதான். சித்திரையில் விழுப்புரம் லாட்ஜ்களில் வந்து தங்கி, கூவாகம் போய்த் தாலி கட்டி, அழுகளத்தில் அதை அறுத்து வெள்ளைப்புடவை கட்டுகிறவர்கள், குடும்பம் பலி கொடுத்த ஒரு பிள்ளைக்காக அழுகிறார்கள். அவர்களில் பலரைப் பலி கொடுத்ததும் குடும்பங்கள்தான். கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டது என்று நாம் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. திருவிழாவன்று வளையல் விற்று, சோடா விற்றுச் சம்பாதிக்கிற நாம், அவர்களில் ஒருத்தி மகளாக வந்தால் கரையில் நிறுத்துகிறோம். சந்தோஷ் சிவன் எத்தனையோ வருடங்களுக்கு முன்பே 'நவரச' என்று ஒரு படம் எடுத்தார். பெண்ணாக வாழ விரும்பும் சித்தப்பாவைத் தேடி ஒரு சிறுமி கூவாகத்துக்குப் போகிறாள். அந்தக் குழந்தைக்கு இருந்த தைரியம் நமக்கு வரவில்லை.

சட்டமும் இந்த விஷயத்தில் அரைமனசாகத்தான் இருக்கிறது. 2019இல் வந்த திருநர் சட்டம், குடும்பம் என்றால் ரத்தம், கல்யாணம், முறைப்படியான தத்து என்று மூன்றோடு நிறுத்திவிட்டது. ஏரிக்கரையில் அழுத குருவுக்கு அதில் இடமில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், வீட்டாரால் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணின் வழக்கில், கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் ஏற்கப்பட்ட ஒன்றே என்று சொன்னார்கள். அந்தப் பெண் விரும்பியபடி தோழியோடு போகலாம் என்றார்கள்.

நம் மலைமேல் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் கருவறையில் பின்சுவர் முழுக்க ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது: அப்பன், ஆத்தாள், நடுவில் பிள்ளை. வெளியூர்க்காரர்கள் பக்கச் சந்நிதியில் இருக்கிற உமை ஓவியத்தைப் பார்க்க வருவார்கள், கருவறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாம்தான் அந்தக் குடும்பத்தைத் தினம் கும்பிடுகிறவர்கள். அதனால் குடும்பம் பெரியது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அது யாரையெல்லாம் உள்ளே விடும் என்பதுதான் கேள்வி.

அவள் அம்மா இன்னும் இருக்கிறார். பெண்ணைக் கூப்பிடப் பயப்படுகிறார். பயம் எல்லாம் உங்களைப் பார்த்துத்தான். பஞ்சாயத்து கூட்ட வேண்டாம், தீர்மானம் போட வேண்டாம். உங்களில் நாலு பேர் போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, 'உன் பிள்ளையைக் கூப்பிடும்மா, கூட வர்றவங்களும் வரட்டும், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்' என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். சாவு விழுகிறவரை காத்திருக்க வேண்டாம், திருவிழாவுக்கே வரட்டும். அந்த குரு வந்தால் திண்ணையில் உட்கார வைத்து, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே தம்ளரில் மோர் கொடுங்கள்.

படத்துக்கு வருகிறேன். ஊரில் போட அனுமதி கேட்டு எழுதுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். திரையும் ஸ்பீக்கரும் விக்கிரவாண்டியிலோ செஞ்சியிலோ வாடகைக்குக் கிடைக்கும். எந்தக் காட்சியையும் ஓட்டிவிடக் கூடாது, குறிப்பாக அந்தத் தொலைக்காட்சிக் காட்சியை. பெண்கள் முன்னால் உட்காரட்டும். கூத்துக்கு மறுநாள் மட்டும் வைக்காதீர்கள், விடிய விடிய முழித்தவர்கள் பாதிப் படத்தில் தூங்கிவிடுவார்கள். இரண்டே கால் மணி நேரம்கூட ஆகாது. ஏழரைக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடிந்துவிடும். தேதி குறித்ததும் சொல்லுங்கள், பணம் அன்றே வரும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை,
ஜூரோங், சிங்கப்பூர்