ஊருக்கெல்லாம் ஒரே லினக்ஸ்!

உழக்கூடிய மாட்டை எந்தக் கமக்காரனும் அடிமாட்டுக்கு விற்கமாட்டான். ஆனால் உழைக்கக்கூடிய கணினிகளைக் குப்பையில் எறியும் நிலைக்கு மட்டக்களப்பு மக்கள் இன்று தள்ளப்பட்டிருக்கின்றனர். விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த பொதுப் பாதுகாப்பை 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திற்று. பதிவு செய்தோருக்குத் தரும் குறுகிய கால நீட்டிப்பு, கடனுக்குத் தவணை பெறுவதை ஒத்ததே. விண்டோஸ் 11க்கு மாறுவோமெனில், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை.

புதிய கணினி வாங்குவது எளிதா? 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை, சில மாதங்களில் 360ஐத் தாண்டிற்று. எழுவான்கரையின் ஆசிரியருக்கும் சட்டத்தரணிக்குமே கணினி பெருஞ்செலவு. படுவான்கரைக் கமக்காரரின் பிள்ளைக்கோ அது எட்டாக்கனி.

இந்நிலையில் நமக்குத் திறந்திருக்கும் வாயில் லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்து, உலகத்தார் பலர் கூடி வளர்த்த பொதுச்சொத்து அது. விலை கொடுக்க வேண்டுவதில்லை. படியெடுத்து அயலாருக்கு வழங்கவும் தடையில்லை. ஆனால், அதன் வழங்கல்களோ நூற்றுக்கணக்கில் உள்ளன. எது நல்லதென்று வினவினால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வர். கேட்டவர் மனங்குழம்பி முயற்சியையே கைவிடுவார்.

விதைநெல் தெரியும் கமக்காரரிடம் நாம் பாடம் கேட்போம். பீஜீ 300 மூன்று மாதத்தில் விளையும். பீஜீ 94-1 மூன்றரை மாதத்தில் விளையும். நீர் எத்தனை நாளைக்குக் கிடைக்கும், வட்டையில் மற்றவர் எதனை விதைக்கின்றனர் என்று ஆராய்ந்தே அவர் விதைப்பார். தனியொருவர் மட்டும் பிந்தி விளையும் நெல்லை விதைத்தால், பூச்சியும் பறவையும் அவர் வயலையே சூழும். கணினிக்கும் இதுவே நெறி. அயலவர் அறிந்த வழங்கலே புதியவருக்கு ஏற்ற வழங்கல். பழுது வந்த இரவிலே கைகொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரரேயன்றிப் பெயர்பெற்ற நிபுணரல்லர்.

கேரள அரசு இதனைச் செய்து காட்டியிருக்கிறது. பாடசாலைகளுக்கென உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஒரே வழங்கலை அமைத்து, அதற்கேற்பப் பாடநூல் எழுதி, ஆசிரியரையும் அது பயிற்றிற்று. ஆளுக்கொன்றாகத் தெரிந்திருந்தால் இது கைகூடியிருக்குமா?

ஆகவே, நம் பகுதிக்கு லினக்ஸ் மின்ட் ஒன்றையே நாம் பரிந்துரைக்கின்றோம். உபுண்டுவும் நல்லதே. எனினும், 2006 முதல் வெளிவரும் மின்டின் தோற்றம் விண்டோசில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகாது. அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு உண்டு. நினைவகம் குறைந்தது 2 ஜிபி வேண்டும். 4 ஜிபி இருந்தால் நன்று. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்எப்சிஇ பதிப்பே பொருந்தும். ஆர்ச், ஜென்டூ போன்றவை தேர்ந்தவர்க்குரியவை. புதியவர் அவற்றை நாடவேண்டா.

எடுத்த எடுப்பில் நிறுவிவிடலாகாது. பென்டிரைவ் ஒன்றிலிருந்து இயக்கி, வன்தட்டைத் தொடாமலே சோதித்துப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் வைஃபையும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கணக்குகளையும் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய ஆவணங்கள், அவ்வெழுத்துருவை நிறுவிக்கொண்டால் லிப்ரே ஒபிஸில் திறக்கும். விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துவோர் மட்டும் அவசரப்படாதிருத்தல் நலம்.

தமிழின் நிலை என்ன? ரெங்கநாதன் விசைப்பலகை முறையும் தமிழ்99உம் லினக்சில் உண்டு. திரையிலே தோன்றும் தமிழாக்கம் இன்னும் முழுமை பெறவில்லை. ஆனால் குறை கண்ட சொல்லை நாமே திருத்தி அனுப்பும் உரிமை இங்கே நமக்கு இருக்கிறது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியலைத் தமிழிற் சொல்ல உழைத்தவர். அவர் பிறந்த மண்ணில் வாழும் நமக்கு இப்பணி புதிதன்று.

வாவியின் இரு கரைகளிலுமுள்ள நூலகங்களும் பாடசாலைகளும் கமக்காரர் அமைப்புகளும் தத்தம் இடத்தில் ஒரு கணினியிலேனும் மின்டை நிறுவட்டும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் திங்களில் ஒரு சனிக்கிழமையை ஊருக்கு ஈவாராக. தோணியைப் பத்துத் திசையில் வலித்தால் அது கரைசேராது. ஒன்றைத் தெரிந்து ஒன்றாகக் கற்போம்!