மீனுக்கு இரை வளர்ப்பது வீண் வேலையா?

ஆண்டு மலரில் தேர்வு முடிவுகளைப் பற்றியும் பெற்றோரின் கடமைகளைப் பற்றியும் எழுதுவதே தலைமையாசிரியர்களின் வழக்கம். இம்முறை நான் புழுக்களைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. அன்புகூர்ந்து முகம் சுளிக்காமல் படித்தருள்க.

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, தாயார் ஒருவர் மூடியிட்ட பிஸ்கட் டின் ஒன்றை என் மேசைமீது வைத்தார். "நீங்களே பாருங்க சார், என் மகன் படிக்கிற லட்சணத்த!" என்று கூறிக் கண் கலங்கினார். திறந்து பார்த்தேன். கோழித் தீனிக்குள் பொன்னிறப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அல்லூரில் பிடித்து வந்த பனையேறி மீனுக்கு இரையாக ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவற்றை வளர்த்து வந்திருக்கிறான். பறவைக் கடையில் வாங்கிய ஒரு பிடிப் புழு, நான்கு மாதங்களில் டின் நிறையப் பெருகியிருந்தது.

அதே மாதத்தில் செம்பனை ஓரத்து வீடுகளைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரிகள், வேறொரு வீட்டின் பின்புறம் பழைய சாய டின் ஒன்றைக் கண்டெடுத்தனர். அதில் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அவையும் தற்செயலாய்த் தேங்கிய நீரில் பிறந்தவை அல்ல. சண்டை மீன் வளர்க்கும் நம் மாணவன் ஒருவன் வேண்டுமென்றே வளர்த்தவை. அடுத்த வரிசை வீட்டில் ஒரு சிறுமி டிங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்த சமயம் அது. அந்த டின்னில் பிறந்த கொசுதான் அவளைக் கடித்தது என்று எவரும் சொல்ல இயலாது. கடிக்கவில்லை என்றும் சொல்ல இயலாது.

இரு சிறுவர்களையும் பெற்றோர் ஒன்றுபோலவே அடித்தனர். ஒருவன் அறிவியல் செய்தான். மற்றவன் ஆபத்தை விளைத்தான். இருவருக்கும் ஒரே தண்டனை எனில், பிள்ளைகள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்கள்? இதுவே என் கேள்வி.

கொசுப்புழு வளர்த்தவனை அழைத்து விசாரித்தேன். அவன் தலை குனிந்தபடி, "என் மீன் கொசுவத்தானே சார் தின்னுது? அது நல்லதுதானே?" என்றான். ஒரு கணம் எனக்கே பதில் தோன்றவில்லை. 1978ஆம் ஆண்டில் நான் நான்காம் வகுப்பு படித்தபோது, பால்மரத்து மங்குகளில் தேங்கிய மழைநீரிலிருந்து கொசுப்புழுக்களை வழித்தெடுத்து என் சண்டை மீனுக்குப் போட்டவன்தானே நானும்!

ஆனால் மங்கில் கிடந்த புழுவை எடுத்து மீனுக்குப் போடுவது கொசுவை அழிப்பது. டின்னில் நீர் வைத்து வளர்ப்பது கொசுவைப் பெருக்குவது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிக் கொசு பறந்து செல்ல ஏறத்தாழ ஒரு வாரம் போதும். டின்னில் நூறு புழு இருக்க, மீன் நாளொன்றுக்குப் பத்து தின்றால், ஏழாம் நாளில் எஞ்சுவன எத்தனை? "முப்பது சார்" என்றான். அந்த முப்பதும் யாரைத் தேடிப் போகும் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கே விளங்கிவிட்டது.

ஏடிஸ் கொசு நாற்றமடிக்கும் அல்லூரைக் காட்டிலும் வீட்டைச் சுற்றியுள்ள டின், பூச்சட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடுவது. அதன் முட்டைகள் நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆதலின் டின்னைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். கொசு பெருக இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1901ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தும் பணியில் இறங்கினார். அக்காலத்தில் இந்நாட்டில் காடு திருத்தி ரப்பர் நட வந்த நம் முன்னோருள், கொசுக்கடியால் மாண்டவர் எண்ணற்றோர். அவர்தம் பேரப்பிள்ளைகள் வீட்டில் கொசு வளர்க்கலாகாது.

நிற்க. பிஸ்கட் டின்னுக்கு வருவோம்.

அதில் இருந்தது மாவுப்புழு. அது கடிக்காது, நோய் பரப்பும் கொசுவைப்போல் இரத்தம் தேடாது, தேங்கிய நீரும் அதற்கு வேண்டா. கோதுமைத் தவிடோ கோழித் தீனியோ மூன்று விரற்கடை, ஈரத்திற்கு ஒரு துண்டு காரட், இவையே அதன் உணவு. காரட் பூசணம் பிடிக்குமுன் மாற்றிவிட்டால் நாற்றமும் எழாது. புழு பலமுறை தோலுரித்து வளர்ந்து, பின் அசையாத வெண்ணிறக் கூட்டுப்புழுவாகி, அதன்பின் கருவண்டாகும். வண்டு முட்டையிட, மீண்டும் புழு. நான்கு பருவ உருமாற்றத்தைப் பாடநூலின் படத்தில் நான் காட்டியபோது கொட்டாவி விட்ட மாணவன், தன் டின்னில் அதைத் தானே கண்டறிந்திருக்கிறான்! தேதியிட்டுக் குறிப்பும் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் மலிந்த குறிப்புதான். ஆயினும் அவன் கட்டுரை ஏட்டில் இதுவரை எழுதியவற்றைவிட நீளமானது.

தாய்மாரின் அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. அவ்வண்டு அரிசி மாவிலும் கோதுமை மாவிலும் புகுந்தால் கேடுதான். ஆகவே டின்னைச் சமையலறையில் வைக்கலாகாது; காற்றுப் புகும் துளைகளுடன் மூடியும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் மாணவன் மீறினால் தாராளமாகக் கண்டியுங்கள்.

சண்டை மீனின் சிறு வாய்க்கு மாவுப்புழு பெரிது. அதற்கு ஏற்றது பழ ஈ. கனிந்த வாழைப்பழத் துண்டைப் போத்தலில் இட்டு ஒரு நாள் திறந்து வைத்தால் ஈக்கள் தாமே வந்து முட்டையிடும். பின்னர் மெல்லிய துணியால் வாயைக் கட்டிவிட்டால், பத்து நாள் அளவில் புதிய ஈக்கள் தோன்றும். போத்தலைச் சில நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அவை மயங்கி நிற்கும்; அப்போது சிலவற்றை மட்டும் நீரில் தட்டிவிடலாம். சண்டை மீனின் வாய் மேல்நோக்கி அமைந்திருப்பதே நீர்மேல் விழும் பூச்சியைக் கவ்வுவதற்காகத்தான். இந்த அற்ப ஈயை வளர்த்து ஆராய்ந்துதான் தாமஸ் ஹன்ட் மார்கன் மரபியலின் அடிப்படைகளை நிறுவி, 1933இல் நோபல் பரிசு பெற்றார். அவர் ஆய்வுக்கூடத்திலும் பால் போத்தல்களும் வாழைப்பழமுமே இருந்தன.

ஒரே ஓர் எச்சரிக்கை. வீட்டில் பிடித்த கரப்பான், புகை அடித்தபின் புல்லில் விழுந்த பூச்சி, மருந்து தெளித்த செம்பனைக் காட்டில் பிடித்த வெட்டுக்கிளி ஆகியவற்றை மீனுக்குப் போடாதீர்கள். மனிதனுக்குச் சிறிதும் தெரியாத அளவு பூச்சிமருந்தே மீனைக் கொன்றுவிடும்.

பெற்றோர் என்னைக் குறைகூறலாம்: "பள்ளி புழு வளர்க்கவா சொல்லித் தருகிறது?" என்று. பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில் நானும் அவ்வாறே எண்ணினேன். அந்நாளில் நான் பணியாற்றிய பள்ளியில், மாணவன் ஒருவன் மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த வண்டுப் போத்தலைப் பறித்துக் குப்பையில் கொட்டினேன். அவன் அழவில்லை. ஆனால் அதன்பின் அறிவியல் வகுப்பில் ஒரு நாளும் அவன் கை உயர்த்தியதில்லை. முப்பது ஆண்டுகளாகியும் அந்தக் கை என் நினைவில் தாழ்ந்தே இருக்கிறது.

அந்தப் பிஸ்கட் டின் இப்போது என் அலுவலக அலமாரியில் இருக்கிறது. சாய டின்னைக் கழுவிக் கவிழ்த்த மாணவன்தான் அதற்கு வாரம் இருமுறை காரட் வைக்கிறான். அவனுடைய பழ ஈப் போத்தலும் பக்கத்திலேயே நிற்கிறது. புழு வேண்டுவோர் பெற்றோரின் கையொப்பத்துடன் வந்து ஒரு பிடி பெற்றுச் செல்லலாம். மூடியுள்ள டின்னும் தவிடும் அவரவர் கொண்டு வர வேண்டும்.