கனத்த வண்டியும் நரைத்த தலையும்

அமெரிக்கா தேசத்தில் அரிஸோனா மாகாணத்தைச் சேர்ந்த பீனிக்ஸ் நகரில் 1977-ம் வருஷம் ஒரு சங்கம் பிறந்தது. ஹோண்டா கம்பெனியார் 1975-ல் வெளியிட்ட 'கோல்ட் விங்' என்னும் பெரிய மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராய்ப் பிரயாணம் செய்கிறவர்களுக்காக ஏற்பட்ட சங்கம் அது. கணவனும் மனைவியுமாக அநேகர் அதில் சேர்ந்தார்கள். 2022-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதியோடு அந்தச் சங்கத்தைக் கலைத்து விட்டார்கள். அங்கத்தினர்களுக்கு வயதாகி விட்டது. அவர்கள் இடத்துக்குப் புதியவர்கள் போதிய அளவில் வந்து சேரவில்லை. அந்த வண்டிக்கு இப்போது ஆறு சிலிண்டர். எடையோ 350 கிலோவுக்கு மேல். எழுபது வயதுப் பாட்டனார் ஒருவர் அதைச் சாயாமல் பிடித்து நிறுத்துவதென்றால் சாமானியமா?

"அரிஸோனாவில் சங்கம் கலைந்தால் நமக்கென்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் தாராளமாய்க் கேட்கட்டும். ஓசூர்க்காரர்கள் கேட்பதற்கில்லை. ஏனெனில் நமது எல்லைப்புறம் இரண்டு சக்கரத்தால் பிழைக்கிற சீமை. 1980-ல் டி.வி.எஸ். நிறுவனத்தின் இருவர் ஏறும் மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியாரின் சிறிய மோட்டார் சைக்கிள்களும் இங்கேதான் உருவாகின்றன. 2021 முதல் மின்சார ஸ்கூட்டர்களும் ஓசூரில் ஒரு பக்கமும் போச்சம்பள்ளியில் ஒரு பக்கமுமாய்ப் பெருகி வருகின்றன. எல்லாவற்றையும் விட விசேஷம், 1898-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய புராதன 'நார்ட்டன்' கம்பெனியை 2020 ஏப்ரல் மாதத்தில் நம் ஓசூர் முதலாளிகள் ஒரு கோடியே அறுபது லட்சம் பவுனுக்கு வாங்கி விட்டதுதான். வெள்ளைக்காரன் வண்டியைப் பார்த்து வாய் பிளந்து நின்ற காலம் போய், அவன் பட்டறையையே நாம் வாங்கும் காலம் வந்ததில் நமக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைப்பானேன்?

ஆனால் இன்று நாம் எழுத வந்தது முதலாளிகளைப் பற்றியல்ல. சிப்காட் பேட்டை வளர்ந்த காலத்தில் இருபது இருபத்திரண்டு வயதில் இங்கே வேலைக்கு வந்து, மூன்று 'ஷிப்டு' பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு 'புல்லட்' அல்லது ஒரு 'யெஸ்டி' வாங்கிய மனிதர்களைப் பற்றி. அவர்கள் இப்போது அறுபதைத் தாண்டி விட்டார்கள்.

புல்லட்டின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த வண்டி அது. நமது ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்காக அதை வரவழைத்தார்கள். 1955-ல் சென்னை மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் ரெட்டிச்காரர்களும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு தாய் வீடு மூடப்பட்டது. தத்துப் போன வீட்டில் பிள்ளை வாழ்ந்தது. 1977-ல் அந்தப் பிள்ளை கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று! யெஸ்டியின் கதை அவ்வளவு அதிர்ஷ்டமுள்ளதல்ல. 1960-ல் மைசூரில் ஏற்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலை செக்கோஸ்லோவாகிய 'ஜாவா'வைச் செய்தது. 1973-ல் யெஸ்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1996-ல் கதவை அடைத்தது. மைசூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஆகையால் இந்தப் பிரதேசத்தில் யெஸ்டிக்கு உறவினர் அதிகம்.

இந்த வண்டிகளைக் கிளப்புவதே ஒரு வித்தை. பழைய புல்லட்டில் ஆம்பியர் மீட்டர் என்று ஒரு சிறு முகம் உண்டு. கிக்கரை மெதுவாய் அழுத்தி, அதன் முள் நடுவில் வந்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இடது கையருகே உள்ள சிறு நெம்புகோலைப் பிடித்து, உள்ளே அடைபட்ட காற்றை விடுவித்து, கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் நகர்த்தி, நெம்புகோலை விட்டு, அப்புறம்தான் முழு பலத்துடன் உதைக்க வேண்டும். அவசரக்காரனைக் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் வீங்கியவர்கள் அநேகர். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. யெஸ்டியிலோ உதைக்கிற கோலும் கியர் போடுகிற கோலும் ஒன்றே! இப்படி நாற்பது வருஷம் பழகிய காலுக்கு, இடப்பக்கம் கியரும் பொத்தானைத் தொட்டால் ஓடும் எஞ்சினுமாய் வருகிற புது வண்டியைக் கொடுத்தால் அது திகைக்கிறது. ஆபத்து நேரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கிறது. கிழவர்கள் புது வண்டி வேண்டாமென்பது வெறும் பிடிவாதம் என்று எண்ணுகிற பிள்ளைகள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இங்கேதான் அரிஸோனாவுக்கும் ஓசூருக்கும் வித்தியாசம். அங்கே வண்டியும் ஆளும் சேர்ந்து மூப்படைந்தார்கள். இங்கே வண்டி மறுபடி வாலிபமாகி விட்டது, ஆள்தான் மூப்படைந்தான். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை என்பீல்டுக்காரர்கள் 2024-25 கணக்கு வருஷம் ஒன்றிலேயே விற்றிருக்கிறார்கள். ஜாவா என்னும் பெயர் 2018-லும், யெஸ்டி என்னும் பெயர் 2022-லும் புது உடம்போடு மீண்டு வந்தன. கோவாவில் கம்பெனியாரே திருவிழா நடத்துகிறார்கள். ஞாயிறு காலையில் பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டி வரும் வாலிபர் கூட்டத்தைப் பார்த்தால், இந்தச் சமூகம் தேய்கிறது என்று யார் சொல்வார்? ஆயினும் தேய்கிறது. சூளகிரியில் காப்பி குடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு, சாலை ஓரத்தில் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்நியனிடம் நிற்க வேண்டிய அவசியமில்லை. அவர்களுடைய வண்டி நிற்பதில்லை. நின்றால் கம்பெனி ஆள் வருவான். பழைய வண்டிகள் அடிக்கடி நின்றன. ஆகையால் மனிதர்களும் ஒருவருக்காக ஒருவர் நின்றார்கள். ஒரு யந்திரத்தின் குறையிலிருந்து ஒரு சிநேகம் விளைந்தது. குறை தீர்ந்ததும் சிநேகம் எங்கே போகும்?

நமது நண்பர் ஒருவர், ஒரு தொழிற்சாலையில் 'பிட்டர்' வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் கூட்டாளிகளுமாகப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிறு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுப் பாதையில் ஒகேனக்கல் போய் வருவது வழக்கம். இப்போது மூவர் மீதி. ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குக் கண், இருவர் மகள் வீட்டோடு போய்விட்டார்கள், மற்றவர்கள் காலமாகி விட்டார்கள். சென்ற வருஷம் தளி ரோட்டில் நண்பருடைய வண்டி நின்ற இடத்தில் சாய்ந்து விட்டது. தூக்க முடியவில்லை. வழியில் போன ஒரு கட்டடத் தொழிலாளி தூக்கிக் கொடுத்தார். விஷயம் வீட்டுக்கு எட்டியதும் மகன் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். "நைனா, உங்களுக்கு எங்கே போகணுமோ சொல்லுங்கள், நான் காரில் கொண்டு விடுகிறேன்" என்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் நண்பருக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. வண்டியில் போக வேண்டும், அவ்வளவே. இந்த வித்தியாசம் காரில் போகிறவர்களுக்கு விளங்குவதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் பிள்ளைகளைக் காட்டிலும் நிதானமாயிருக்கிறது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷமாய்ப் புதுப்பிக்கிறார்கள். டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். கண்ணும் காலும் சரியா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதை விட்டு, பக்கத்து வீட்டுக்காரர் அபிப்பிராயத்தைக் கேட்டுச் சாவியைப் பிடுங்குவது நமக்கு நியாயமாய்த் தோன்றவில்லை. தகப்பனார் ஊரிலில்லாத சமயம் பார்த்து வண்டியை விற்றுவிடும் புத்திரர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி. அதே சமயம், சாய்ந்த வண்டியைத் தூக்க இயலாதவர் தனியே காட்டுப் பாதையில் போவதும் வீரமல்ல. துணையோடு, பகலில், நாற்பது ஐம்பது கிலோ மீட்டருக்குள், அதாவது கிருஷ்ணகிரி வரை, போகட்டுமே! சுங்கச் சாவடியில்கூட இரண்டு சக்கரத்தை யாரும் காசு கேட்பதில்லை.

இன்னொரு கவலையும் நமக்குண்டு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு, காதாலேயே டாப்பெட் சரி செய்யும் பழைய மெக்கானிக்குகள் இந்த ஊரில் சொற்பமாகி விட்டார்கள். நமக்குத் தெரிந்த பாய் ஒருவருக்குச் சிஷ்யனே இல்லை. வருகிற பையன்கள் ஆறு மாதத்தில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? அங்கே மாதச் சம்பளம் உண்டு. நாமே பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அந்த வழியைத்தான் காட்டுகிறோம். ஆனால் எஞ்சினுக்குள் நெருப்பு எப்போது பிறக்கிறது, ஏன் பிறக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டக் கூடியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் ஒரு தரமாவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

எனவே நமது பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பாயையும் நண்பரையும் வரவழைத்து, மேல் வகுப்புப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரு பழைய புல்லட் எஞ்சினைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம் என்று உத்தேசித்திருக்கிறோம். தலைமை ஆசிரியர் சம்மதித்து விட்டார். தரையில் எண்ணெய் சிந்தக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. பாய் உடனே ஒப்புக்கொண்டார். நண்பர்தான் ஒரு சங்கடம் செய்கிறார். வருவதானால் தம் வண்டியில்தான் வருவாராம். சாவி விஷயமாய் மகனோடு பேசுவதற்கு வருகிற புதன்கிழமை நாம் போவதாக இருக்கிறோம்.