அரக்கன் வேண்டாம், குமாஸ்தா போதும்!

கோவைப்பழமெனச் சிவந்த கண்கள், கோரைப் பற்கள், இடி முழக்கமெனச் சிரிப்பு - இப்படி ஒரு கொடுங்கோலனை அரியணை ஏற்றுகிறார்கள். ஏவல் புரிய இயந்திர மனிதர் ஆயிரம் பேர். விண்ணிலே புகை, மண்ணிலே பிணம், மக்கள் கண்ணிலே நீர்! தலைப்பிலே ஏதோ ஒரு வருங்கால ஆண்டு. முடிந்தது, நாளைய உலகைப் பற்றிய கதை!

படிக்கிறோம். அஞ்சுகிறோமா? இல்லை தோழர்களே, கொட்டாவி விடுகிறோம். அப்படி ஒருவனை நாம் கடைத்தெருவிலும் கண்டதில்லை, நீதிமன்றத்திலும் கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை. அவன் வரமாட்டான் என்ற ஆறுதலோடு விளக்கை அணைத்துவிட்டு உறங்கிவிடுகிறோம். விழிக்கச் செய்யவேண்டிய ஏடு தாலாட்டுப் பாடுகிறது! இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

பொன்னுலகம் காட்டும் கதைகளுக்கு நேர் எதிரானவை இவை. மேல்நாட்டார் ‘டிஸ்டோப்பியா’ என்பர். இருளுலகக் கதை என்போம் நாம். இக்கதைக்கு உயிர் எது? கற்பனையின் உயரமா? அன்று! “இது நடக்கக்கூடியது, நம் தெருவிலேயே நடக்கக்கூடியது” என்று படிப்பவன் நெஞ்சு திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடலைத் தருபவன் அரக்கன் அல்லன். கோப்பைப் புரட்டும் குமாஸ்தா, வரிசையில் நிற்கும் குடிமகன், வாய்மூடி வீடு திரும்பும் படித்தவன் - இவர்களே தருவர். நாள்தோறும் வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும்: ஒரு பெயரை நீக்க வாள் வேண்டாம், சிவப்பு மையில் ஒரு கோடு போதும்.

சான்று வேண்டுமா? ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ என்ற நாவலைப் பாருங்கள். சித்திரவதைக் கூடம் அதிலே உண்டு. ஆனால் நம்மை அதைவிட உலுக்குவது சாக்கலேட்! வாரப் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது. மறுநாளே, பங்கீடு 20 கிராமாக உயர்த்தப்பட்டது என்று அறிவிப்பு வருகிறது. அதற்கு மக்கள் நன்றி கூறி ஊர்வலம் போனார்களாம்! நேற்று முப்பது அல்லவா என்று கேட்க ஒரு நாவும் எழவில்லை. கொலைக்களத்தைவிடக் கொடிதன்றோ இந்த நன்றி ஊர்வலம்! கதைத் தலைவன் வின்ஸ்டன் யார்? பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் அலுவலக ஊழியன். வெறுக்கும் ஆட்சிக்குத் தன் கையாலேயே பொய் புனைந்து தருகிறான். அந்த வேலையிலே இன்பமும் காண்கிறான்!

ஆர்வெல் இதை எங்கிருந்து பெற்றார்? 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியத்தின் போலீஸ் அதிகாரியாக இருந்தவர் அவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலே துப்பாக்கி ஏந்தினார். தம்மோடு தோள் சேர்ந்து நின்றவர்களையே துரோகிகள் என்று பத்திரிகைகள் தூற்றக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்பிலே பணியாற்றினார். அந்நாவலை அவர் எழுதிய நாட்களிலே, போர் முடிந்த பின்னரும், பிரிட்டனில் ரொட்டிக்குப் பங்கீடு இருந்தது - 1946 முதல் 1948 வரை! அண்டை வீட்டு அடுப்புக்கரியைக் கொண்டே அவர் அந்த இருளைத் தீட்டினார்.

அவருக்கும் முன்னோடி ரஷ்யரான யெவ்கேனி சம்யாட்டின். 1920-21இல் அவர் எழுதிய ‘நாம்’ என்ற நாவலிலே மனிதனுக்குப் பெயர் இல்லை, எண் உண்டு. வீட்டுக்குக் கற்சுவர் இல்லை, கண்ணாடிச் சுவர் உண்டு. உண்பதும் உறங்குவதும் கால அட்டவணைப்படி. சம்யாட்டின் கப்பல் பொறியாளர். பனியுடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வையிட இங்கிலாந்து சென்றவர். தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் வைத்து அளக்கும் டெய்லரின் முறையை அறிந்தவர். அந்தக் கடிகாரம் தொழிற்சாலை வாயிலோடு நில்லாமல் படுக்கையறைக்குள்ளும் நுழைந்தால்? இந்த ஒரு கேள்விதான் அந்த உலகுக்கு அடித்தளம். 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல், பிறந்த நாட்டில் அச்சேறியது 1988இல்!

“கற்பனைக்கு வேலி போடுகிறீர்களே!” என்று சிலர் சீறக்கூடும். வேலியன்று நண்பர்களே, வேர்! கனடா நாட்டு மார்கரெட் அட்வுட் 1985இல் ‘பணிப்பெண்ணின் கதை’யை எழுதியபோது, மனிதர் எங்கேனும் என்றேனும் செய்திராத எதையும் சேர்ப்பதில்லை என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார். மக்கள்தொகையைப் பெருக்க ருமேனியாவின் செளசெஸ்கு அரசு 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்யவில்லையா? அதே அரசு 1983இல், தட்டச்சுப் பொறி வைத்திருப்போர் அதைக் காவல்துறையிடம் பதிவு செய்யவேண்டும் என்று ஆணையிட்டது. கதையில் வந்திருந்தால் “மிகை” என்று கைகொட்டிச் சிரித்திருப்போம். நடந்தது!

1933 மே 10. பெர்லின் நகரிலே நூல்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர் யார்? கொம்பு முளைத்த பூதங்களா? கல்லூரி மாணவர்கள்! பட்டம் பெறப் படித்தவர்கள், பாட்டுப் பாடிக்கொண்டே ஏடுகளை எரியிலே இட்டனர். இதை அறிந்தவன் தன் கதையில் தீப்பந்தத்தை மூடன் கையில் தரமாட்டான். முதல் வகுப்பில் தேறியவன் கையில் தருவான். ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே மக்களே முதலில் படிப்பதை வெறுத்தனர். அரசின் நெருப்பு பிறகுதான் வந்தது.

ஆகவே, இருளுலகம் படைக்க எழுதுகோல் எடுக்கும் இளைஞனே, சில கேள்விகளுக்கு விடை கண்டபின் எழுது. இந்த ஆட்சியால் வயிறு வளர்ப்பவர் யார்? சிறைக்காவலனுக்குச் சம்பளப் பட்டியல் போடுபவர் யார்? அரிசி எங்கிருந்து வருகிறது? எந்த அச்சத்தைக் காட்டி, எந்த இனிப்பை நீட்டி மக்களை இசைய வைத்தார்கள்? ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் படைத்த உலகிலே சவுக்கைவிட வலியது ‘சோமா’ என்ற மாத்திரை. கவலை தோன்றினால் விழுங்கு, மற! முதல் அநீதி நிகழ்ந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார்? இதற்கு விடை இல்லையேல், நீ எழுதுவது வெறும் பூச்சாண்டிக் கதை.

மற்றொரு கூட்டம் உண்டு. “எல்லாம் கலியின் கூத்து, விதியின் விளையாட்டு” என்று எழுதி நாவலை முடிப்போர். இவர்கள் முன்னவரினும் தீயர்! விதி செய்ததென்றால் குற்றவாளி யார்? எவருமில்லை! தடுத்திருக்கக் கூடியவர் யார்? எவருமில்லை! மனிதர் கையெழுத்திட்டு, மனிதர் முத்திரை குத்தி, மனிதர் தலையாட்டி நிறுவிய கொடுமையை வானத்தின் தலையில் கட்டுவது கதையன்று, சோதிடம். நல்ல இருளுலகக் கதையிலே ஒரு நாள் உண்டு, “அன்று ஒருவர் எழுந்து ‘இல்லை’ என்றிருந்தால்...” என்று படிப்பவன் பதறும் நாள். அந்த நாளைக் காட்டாதவன் எதையும் காட்டாதவன்.

இருளை எழுதினால் நம்பிக்கை சாகாதோ என்று அஞ்சுவோருக்கும் விடை கூறுவோம். நோயின் பெயரைச் சொன்ன மருத்துவனா நோயைக் கொண்டுவந்தான்? அட்வுட்டின் நாவல் 2195இல் நடக்கும் ஓர் ஆய்வரங்கோடு முடிகிறது. அப்போது அந்தக் கொடுங்கோன்மை வரலாற்றுப் பாடம். பேராசிரியர்கள் அதைப்பற்றிக் கட்டுரை வாசிக்கின்றனர்! மனிதர் கட்டியது மனிதரால் சரியும் என்பதைச் சொற்பொழிவின்றியே சொல்லிவிடுகிறது அந்த முடிவு.

கொடுங்கோன்மை வரும்போது கோரைப் பல்லோடு வராது. புன்னகையோடு வரும், பூர்த்தி செய்யவேண்டிய படிவத்தோடு வரும், 20 கிராம் சாக்கலேட்டோடு வரும். கோரைப் பல்லையே தேடிப் பழகிய கண்களுக்கு அப்போது அது தெரியாது. வழிவிட்டு நிற்கும், வாழ்த்தும் கூறும். அந்தக் கண்களைப் பழக்கும் பொறுப்பு எழுதுவோருடையது.

எனவே எழுதுங்கள் தோழர்களே! அரக்கனை அனுப்பிவிட்டு, அந்தக் குமாஸ்தாவை அழைத்து வந்து உட்கார வையுங்கள். அவன் கையிலே பேனாவைக் கொடுங்கள். அவன் கையெழுத்திடும் முன் ஒரு கணம் தயங்குவதையும், தயங்கிய பிறகு கையெழுத்திடுவதையும் எழுதுங்கள். படிப்பவன் தன் விரலில் மைக்கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்!