கொஞ்சம் சும்மா இருப்போமா?



எல்.கே.ஜி. அட்மிஷன் காலம் வந்துவிட்டால் நம் இதழ் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. “பிள்ளைக்கு மூன்று முடியப்போகிறது, இன்னும் எங்கேயும் சேர்க்கவில்லை, தப்புப் பண்ணுகிறோமா?” என்று சிலர். “ஒன்றாம் வகுப்பு வரை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்றிருக்கிறேன், ஒரு டைம்டேபிள் போட்டுத் தருவீர்களா?” என்று வேறு சிலர்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். கல்வி உரிமைச் சட்டம், 2009 பேசுவது 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. மூன்று வயதில் குழந்தை வீட்டில் இருப்பது எந்தச் சட்டத்துக்கும் விரோதம் இல்லை. நிம்மதியாக இருங்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. டைம்டேபிள் தர எனக்கு மனம் வரவில்லை. காலை ஒன்பதுக்குத் தமிழ், பத்துக்குக் கணக்கு என்று வீட்டுக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்து, அம்மாவே டீச்சராகி அதட்டப் போகிறாள் என்றால் அந்தப் பிள்ளை தெருமுனைப் பள்ளிக்கே போகலாம். அங்கே விளையாடத் துணைக்கு நாலு பிள்ளைகளாவது இருப்பார்கள்.

அதட்டாமலே பிள்ளைகள் கற்பதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அவர் படித்தது மருத்துவம். நோயாளியைக் கவனிக்கிற மாதிரியே பிள்ளைகளையும் பொறுமையாகக் கவனித்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். கலைகிறாளா பார்க்கலாம் என்று மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, யாரும் சொல்லாமல் தானாகவே நிறுத்தி, முகம் மலர்ந்து சுற்றிப் பார்த்தாளாம். ஆசிரியை என்ன கற்பித்தார்? ஒன்றுமில்லை. கிட்ட இருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மையார் நம் ஊரிலும் வாழ்ந்தவர் என்பது பலருக்கு நினைவிருக்காது. 1939-இல் பிரம்ம ஞான சபையின் அழைப்பில் மகன் மாரியோவுடன் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மகனைச் சில காலம் காவலில் வைத்தார்கள். பின்னர் 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் வாசம். அங்கே இலை, செடி, பூச்சி என்று கண்ணெதிரே இருப்பதைப் பார்த்தே பிள்ளைகள் உலகத்தைப் படிக்கும் வழிகளை வளர்த்தெடுத்தார். இன்று ஊருக்கு ஊர் அவர் பெயரில் போர்டு தொங்குகிறது. உள்ளே நாலு வயதுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். அது வேறு கதை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களை நான் முதலில் அடுப்படிக்குத்தான் அனுப்புவேன். முருங்கைக்கீரை வாங்கி வந்தால் ஒரு கொத்தைக் குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். காம்பைப் பிடித்து இலையை மட்டும் உருவ, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உழைக்க வேண்டும். பின்னால் பென்சில் பிடிக்கப்போவதும் இதே விரல்கள்தான். பூண்டு உரிப்பது, கோலமாவைக் கிள்ளி எடுத்து இழுப்பது, சப்பாத்தி மாவில் உருண்டை பிடிப்பது எல்லாமே அந்த விரல்களுக்கான பயிற்சி. எழுத்து வரவில்லையே என்று மூன்று வயதுக் கையைப் பிடித்து ‘அ’ போட வைப்பதைவிட, அந்தக் கையில் கொஞ்சம் மாவைக் கொடுப்பது மேல்.

கணக்குக்கு எங்கேயும் போக வேண்டாம். வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்பை ஜோடி சேர்க்கச் சொல்லலாம். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லலாம். பாட்டி வீட்டில் பல்லாங்குழி இருந்தால் இறக்கி வையுங்கள். பதினான்கு குழிகளில் குழிக்கு ஒரு காயாகப் போட்டுக்கொண்டு போகும்போது, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்கிற அடிப்படை விரல் வழியாகப் புரிகிறது. நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தா என்று கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. எதையும் வாயில் போடும் வயதில் புளியங்கொட்டையும் பட்டாணியும் வேண்டாம். மூக்கில், காதில் திணித்துக்கொண்டால் ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும். தண்ணீர் ஊற்றி விளையாடச் செம்பும் டம்ளரும் போதும். வாளி என்றால் பக்கத்தை விட்டு நகராதீர்கள், கால் வாளித் தண்ணீரும் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான்.

இதிலெல்லாம் கஷ்டமானது எது தெரியுமா? நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது. குழந்தை சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு திணறும். நம் கை தானாக நீளும். “இப்படி இல்லடா கண்ணு, இங்க கொடு” என்று பிடுங்கிவிடுவோம். சரியாகச் செய்தாலோ “சூப்பர், வெரி குட்” என்று கைதட்டி, ஆழ்ந்திருந்ததைக் கலைத்துவிடுவோம். கைதட்டலுக்குப் பழகிய குழந்தை பிறகு நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எதையும் செய்யும்.

இதெல்லாம் அப்பாக்களுக்கு வருமா என்று கேட்காதீர்கள். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பாதேகா என்று ஒருவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்தவர். ‘மீசை வைத்த அம்மா’ என்றே குஜராத்தில் அவரை அழைத்தார்கள். அவர் எழுதிய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர், அடங்காத வகுப்பை அமைதியாக உட்கார வைக்கப் பார்க்கிறார், நடக்கவில்லை. கதை சொல்ல ஆரம்பிக்கிறார், வகுப்பு வசப்படுகிறது. அப்பாக்கள் அவசியம் படிக்க வேண்டிய புத்தகம். வீட்டில் வைத்துக் கற்பிப்பது என்றதும், வேலையை விட வேண்டியவள் அம்மா என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறோமே, அது எனக்குச் சம்மதமில்லை. கதை சொல்ல மீசை ஒரு தடையில்லை.

சாமான் வாங்குவது பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்டு மரப்பலகைகள் விற்கிறார்கள். வசதியிருந்தால் வாங்குங்கள், குற்றமில்லை. அதற்கு முன், குழந்தையின் டம்ளரையும் தட்டையும் அதற்கு எட்டும் கீழ்த்தட்டில் மாற்றி வையுங்கள். காசு செலவில்லை, கேட்காமல் தானே எடுத்துத் தண்ணீர் குடிக்கப் பழகும்.

ஆறு வயதுக்குப் பிறகும் வீட்டிலேயே தொடர்வது வேறு விஷயம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழியிருக்கிறது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் நண்பர்கள், விளையாட்டு, பெற்றோரின் நேரம் என்று யோசிக்க நிறைய உண்டு. எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்த இதழுக்காக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரும் சொல்லாமல் உங்கள் வீட்டுக் குழந்தை தானாகத் தேடிப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை எது? நாலு வரி எழுதி அனுப்புங்கள். போட்டோ வேண்டாம். போனைத் தூக்கிக்கொண்டு போனீர்களானால் குழந்தை வேலையை விட்டுவிட்டு உங்களுக்குப் போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்