பேசத் தெரிந்த மொழியை மேல்வகுப்பில் ஏன் படிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்து, பிளஸ் ஒன் ஏகஜாலக விண்ணப்பம் தொடங்கும் நாள்களில் வடகரப்பதி, ஒழலப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை வட்டாரத்து வீடுகளில் ஒரு வினா எழுகிறது. இரண்டாம் மொழியாகத் தமிழை எடுப்பதா, மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று சொல்லப்படும் வேறொரு மொழியை எடுப்பதா? தேவிகுளம், பீர்மேடு பகுதித் தமிழ்க் குடும்பங்களும் இதே வினாவை எதிர்கொள்கின்றன.

வீட்டில் பேசும் மொழிதானே, அதைப் போய் எதற்குப் படிக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். பேச்சு வேறு, பாடம் வேறு. செய்யுளும் இலக்கணமும் காலை வாரிவிடும் என்பார் மறு சாரார். முன்னவர் தமிழை மிக எளிது என்கிறார். பின்னவர் மிகக் கடினம் என்கிறார். வியப்பு என்னவெனில், இருவரும் வந்து சேரும் முடிவு ஒன்றே: தமிழ் வேண்டாம்.

மொழியியல் பயின்றவர்களுக்கு இம்முரண் புதிதன்று. ஒரே மொழி பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு மற்றொரு வடிவமும் கொண்டிருப்பதை சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என விளக்கினார். தமிழ் அதற்குச் சிறந்த சான்று. வீட்டுப் பேச்சு தாயிடமிருந்து தானாக வருகிறது. எழுத்துத் தமிழ் எவருக்கும் தானாக வருவதில்லை. கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் மற்றொரு வேறுபாட்டைச் சுட்டினார். புதிய மொழியொன்றில் உரையாடும் திறனைக் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெற்றுவிடுகின்றனர்; அம்மொழியில் பாடங்களைப் படித்து, வாதிட்டு, எழுதும் திறனுக்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகின்றன என்றார். சரளமாகப் பேசுவதை வைத்து ஒருவரது மொழித்தேர்ச்சியை அளந்துவிட முடியாது என்பதே இதன் பொருள்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்பானிய மொழிக்கும் இதே நிலைதான். வீட்டில் ஸ்பானியம் பேசி வளர்ந்த மாணவருக்குத் தொடக்க வகுப்பு சலிப்பூட்டும். உயர்நிலை வகுப்பின் கட்டுரையோ திணறடிக்கும். அத்தகையோருக்கென்றே தனி வகுப்புகள் அங்குப் பல பள்ளிகளில் நடத்தப்படுகின்றன. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய இடைப்படி இல்லை. பிளஸ் ஒன் தமிழ் வகுப்பே அவர்களுக்கு அந்தப் படி.

மதிப்பெண் அச்சத்தைப் புறந்தள்ளச் சொல்லவில்லை. பிளஸ் டூவில் மொத்தம் 1200 மதிப்பெண். இரண்டாம் மொழிக்கு அதில் 200. கல்லூரிச் சேர்க்கையில் அது கணக்கில் வரும் இடங்கள் உண்டு. ஆயினும், மருத்துவம் நாடுவோரின் நீட் தரவரிசையில் மொழிப்பாட மதிப்பெண் சேர்வதில்லை. கேரளப் பொறியியல் தரவரிசையும் நுழைவுத்தேர்வையும் அறிவியல், கணித மதிப்பெண்களையும் பார்க்கிறதே தவிர, இரண்டாம் மொழியைப் பார்ப்பதில்லை. எந்தப் படிப்பை நாடுகிறோம் என்று பார்க்காமலே தமிழைத் தள்ளிவிடும் வீடுகள்தாம் மிகுதி.

மறுபுறம், நீங்கள் எடுக்காவிட்டால் தமிழாசிரியர் பணியிடமே போய்விடும் என்று பிள்ளைகளிடம் சொல்வோரும் உள்ளனர். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் ஆட்டங்காணும் என்பது உண்மை. ஆயினும் 15 வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு மொழியின் எதிர்காலத்தை ஏற்றுவது அறமாகாது. 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதி செய்வதை அரசின் பொறுப்பாக்குகிறது. ஆனால் அதன் எல்லை தொடக்கக் கல்வியோடு முடிகிறது. அதற்கு மேல் வசதி கேட்டுப் போராட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம். மாணவர் தமிழை எடுப்பது தம் அறிவு வளர்ச்சிக்காக இருந்தால் போதும்.

தமிழை எடுப்பது மலையாளத்திலிருந்து ஒதுங்குவதும் ஆகாது. மலையாளத்தின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருப்பது நம் சித்தூரில்தான். கேரளத் தேர்வாணையம் தமிழும் மலையாளமும் அறிந்தோருக்கென்றே எழுத்தர் பணியிடங்களை அறிவித்து வருகிறது. ஒரு மொழியில் ஆழக் கற்ற வாசிப்புப் பழக்கம் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் கம்மின்ஸ் வலியுறுத்தியதே.

ஆகவே, முடிவெடுக்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூத்த மாணவரிடம் பிளஸ் ஒன் தமிழ்ப் பாடநூலை இரவல் வாங்குங்கள். உரைநடைப் பாடம் ஒன்றைத் துணையின்றிப் படியுங்கள். நூலை மூடிவிட்டு, அதைப் பற்றிய உங்கள் கருத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். படித்தது பெரும்பாலும் புரிந்து, எழுதும்போது தடுமாறினால் அந்த வகுப்பு உங்களுக்கானது, தயங்காது எடுங்கள். பத்திக்குப் பத்தி பொருளே விளங்காவிட்டால், அப்பள்ளியில் நிலையான தமிழாசிரியர் இருக்கிறாரா என்று கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். ஆசிரியர் இருப்பின் இரண்டாண்டில் அக்குறை தீரும். இல்லையெனில் வேறு மொழியை எடுப்பதில் இழிவேதும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் மொழியைக் குறிக்கும் முன், எந்த மொழியில் ஏ பிளஸ் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதை விட்டு, அந்த ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் வாங்கிப் படித்துப் பாருங்கள்.